பொதி அழுத்தும் எந்திரம்: பருத்தி முதல் பழைய அட்டை வரை

பொதி அழுத்தும் எந்திரம் என்பது பருத்தி, சணல், வைக்கோல், பழைய காகிதம், அட்டைப்பெட்டி போன்ற, எடை குறைந்து இடத்தை மிகுதியாக அடைக்கும் பொருள்களை நெருக்கிக் கட்டித் தரும் கருவியாகும். வணிகத்தில் இதனை பேலிங் பிரஸ் அல்லது பேலர் என்றும், அது தரும் பொதியை பேல் என்றும் அழைப்பர். இன்று பெரிய கடைகளிலும் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் பழைய அட்டையைக் கட்ட இது பயன்படுகிறது. இதை வாங்க முற்படும் நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி, எந்த அளவு எந்திரம் வேண்டும் என்பது. இக்கேள்வி பருத்தி வணிகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. பொதி போக வேண்டிய வழியே அதன் அளவைத் தீர்மானிக்கிறது என்பது அவ்வணிகம் கண்ட விடை.

திருகு அழுத்திகள்

1793-ஆம் ஆண்டில் எலி விட்னி பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கிய பின், அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி விளைச்சல் பெருகியது. பண்ணைகளில் உயரமான மரத்திருகு அழுத்திகள் நிறுவப்பட்டன. திருகின் இருபுறமும் சரிந்து இறங்கும் நீண்ட மரக்கைகளில் கோவேறு கழுதைகளைப் பூட்டிச் சுற்றி வரச் செய்தால், திருகு கீழிறங்கிப் பெட்டியிலுள்ள பஞ்சை நெருக்கும். இவ்வேலை பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பால் நடந்தது.

இவ்வாறு கட்டிய பொதி உள்ளூர்ப் பயணத்துக்குப் போதும். அட்லாண்டிக் கடலைக் கடக்கப் போதாது. இலேசான சரக்குக்குக் கப்பல் கட்டணம் எடைப்படி அல்லாமல் கன அளவுப்படி வாங்கப்பட்டது. 40 கன அடி இடம் ஒரு டன் எனக் கணக்கிடுவது வழக்கம். எனவே பொதி எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு செலவு மிச்சம்.

நியூ ஆர்லியன்ஸ், கால்வெஸ்டன் முதலிய துறைமுகங்களில் இதற்கென்றே ஒரு தொழிலாளர் பிரிவு இருந்தது. அவர்கள் கப்பலின் அடித்தளத்தில் திருகு ஜாக்கிகளை வைத்து, பொதிகளை ஒன்றோடொன்று நெருக்கி இன்னும் சில பொதிகளுக்கு இடம் உண்டாக்கினர். நியூ ஆர்லியன்ஸில் 1850-ஆம் ஆண்டிலேயே அவர்களுக்குச் சங்கம் இருந்தது. கரையிலேயே பொதியை இறுக்கமாகக் கட்டும் வலிமையான அழுத்திகள் வந்தபின் அத்தொழில் தேய்ந்து மறைந்தது.

நீரழுத்தத்தின் வருகை

இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-ஆம் ஆண்டில் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடைபட்ட திரவத்தின்மேல் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. சிறிய உருளையில் கொடுக்கும் குறைந்த விசை, பெரிய உருளையில் பன்மடங்காக வெளிப்படுகிறது. இன்றைய பேலர்களிலும் இதே தத்துவம்தான். நீருக்குப் பதில் எண்ணெய் பயன்படுகிறது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 30 டன் விசையுள்ள எந்திரத்தின் அழுத்துபலகை 150 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் உடையது எனக் கொள்வோம். பரப்பு 11,250 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ. மீது விழும் அழுத்தம் ஏறத்தாழ 2.7 கிலோ. அதே விசை 75 செ.மீ. சதுரப் பலகையில் செயல்பட்டால் அழுத்தம் 5.3 கிலோவாக இரட்டிக்கிறது. ஆகவே விசையின் எண்ணை மட்டும் பார்த்து எந்திரத்தை மதிப்பிட முடியாது. பெட்டியின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தியப் பருத்திப் பொதி

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாய் வணிகம் பெருகியது. அதனோடு மோசடியும் பெருகியது. கட்டிய பொதியின் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. பஞ்சில் தண்ணீர் தெளித்தும், விதையும் மண்ணும் மட்டமான பஞ்சும் கலந்தும் எடை கூட்டினர். இதைத் தடுக்க 1863-ஆம் ஆண்டில் பம்பாயில் பருத்தி மோசடித் தடைச் சட்டம் வந்தது.

ரயில் வந்தபின் அழுத்தும் இடமும் மாறியது. தளர்வான பொதிகளால் வண்டி விரைவில் நிரம்பிவிடும். ஆனால் எடை ஏறாது. எனவே துறைமுகத்தில் மட்டும் நடந்துவந்த முழு அழுத்தம், விளைநிலங்களுக்கு அருகே நகர்ந்தது. பேராரில் உள்ள காம்காவ் பருத்திச் சந்தைக்கு 1870-ஆம் ஆண்டில் ரயில் பாதை திறக்கப்பட்டது. தெற்கே 1876-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு ரயில் வந்து, திருநெல்வேலிச் சீமையின் பருத்தியைக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தது. ஏற்றுமதிக்கு முழு அழுத்தப் பொதியும், அருகிலுள்ள ஆலைகளுக்கு அரை அழுத்தப் பொதியும் கட்டப்பட்டன.

1925-ஆம் ஆண்டின் பருத்தி அரவை, அழுத்தும் தொழிற்சாலைகள் சட்டம், ஒவ்வொரு பொதியிலும் வரிசை எண்ணும் அழுத்திய ஆலையின் குறியும் இடப்பட வேண்டும் என்றது. பொதியைப் பிரித்துக் குறை கண்டால், கட்டியவரை அடையாளம் காண இதனால் வழி பிறந்தது. இந்தியாவில் இன்று ஒரு பருத்தி பேல் 170 கிலோ எனக் கணக்கிடப்படுகிறது.

பழைய அட்டையும் பாதுகாப்பும்

இருபதாம் நூற்றாண்டில் மரப்பெட்டிகளின் இடத்தை நெளி அட்டைப்பெட்டிகள் பிடித்தன. சரக்கை எடுத்தபின் மிஞ்சும் வெற்றுப்பெட்டிகள் காகித ஆலைகளுக்கு மூலப்பொருளாயின. பருத்தியையும் வைக்கோலையும் நெருக்கிய எந்திரம் கடையின் பின்கட்டுக்கு வந்தது.

பருத்தி ஆலையில் பழகிய தொழிலாளர் கையாண்ட எந்திரத்தைக் கடையில் பகுதிநேர இளைஞர்கள் கையாளத் தொடங்கினர். அழுத்துபலகைக்கும் பெட்டியின் விளிம்புக்கும் இடையே சிக்கினால் கை போகும், உயிரும் போகலாம். அமெரிக்க அரசு 1954-ஆம் ஆண்டில் காகித பேலர்களை 18 வயதுக்குட்பட்டோர் இயக்கக் கூடாத ஆபத்தான எந்திரங்களில் சேர்த்தது. 1996-ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புத் தரங்களுக்கு உட்பட்ட எந்திரங்களில் 16, 17 வயதினர் அட்டையைப் போட மட்டும் அனுமதித்தது. எந்திரத்தை இயக்குவதும் பொதியை வெளியே எடுப்பதும் அவர்களுக்குத் தடையாகவே நீடித்தன.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

மேற்கண்ட வரலாறு இன்று எந்திரம் வாங்குவோர்க்கு நான்கு கேள்விகளைத் தருகிறது.

முதலாவது, ஒரு நாளில் சேரும் அளவு. ஒரு கடையில் நாள்தோறும் 90 கிலோ அட்டை சேர்வதாகக் கொள்வோம். 450 கிலோ பொதி கட்டும் எந்திரம் 5 நாளுக்கு ஒரு பொதி தரும். 45 கிலோ பொதி கட்டும் சிறிய எந்திரத்தில் நாளுக்கு இருமுறை கட்ட வேண்டும். அதற்கான ஆள்கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாளுக்கு 10 கிலோ மட்டுமே சேரும் இடத்தில் பெரிய எந்திரம் வாங்கினால், ஒரு பொதி நிறைய ஒன்றரை மாதமாகும். அதுவரை எந்திரம் இடத்தை அடைத்து நிற்கும்.

இரண்டாவது, வாங்குபவரின் தேவை. காகித ஆலைகள் பொதுவாகப் பெரிய பொதிகளையே விரும்புகின்றன. சிறிய பொதிகளை இடைவணிகர் வாங்கிப் பிரித்து மறுபடி அழுத்துவார். அச்செலவை விலையில் கழித்துக்கொள்வார். ஏற்றுமதியானால் கொள்கலனையும் அளக்க வேண்டும். அதன் உள்ளகலம் ஏறத்தாழ 2.35 மீட்டர். 1.1 மீட்டர் பொதிகள் இரண்டு அருகருகே அடங்கும், 1.2 மீட்டர் பொதிகள் இரண்டு அடங்கா. பத்து செ.மீ. வேறுபாடு ஒரு வரிசையையே வெறுமையாக்கிவிடும்.

மூன்றாவது, இடமும் ஆளும். 450 கிலோ பொதியைக் கையால் நகர்த்த முடியாது. தூக்கு வண்டியும் அது திரும்ப இடமும் வேண்டும். மேலிருந்து அழுத்தும் எந்திரத்துக்குக் கூரை உயரம் போதுமா, மும்முனை மின்சாரம் உண்டா, பொதி வெளியேறும் வாசல் அகலமானதா என்பதை முன்பே பார்க்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது எந்திரம் இயங்காதபடி பூட்டமைப்பு இருப்பது எந்த அளவு எந்திரத்துக்கும் கட்டாயம்.

நான்காவது, பொதியின் உள்ளே போவது. ஈர அட்டையும் நெகிழியும் உணவுக்கழிவும் கலந்த பொதி, அக்காலத்து நனைந்த பருத்திப் பொதியைப் போலவே நம்பிக்கையைக் கெடுக்கும். சீனா 2018-ஆம் ஆண்டில் தரம் பிரிக்காத கலப்புக் காகிதத்தின் இறக்குமதியைத் தடை செய்தது. பிற பழைய காகிதத்தில் கலப்படம் 0.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்றது. இதனால் பல நாடுகளில் கட்டி வைத்த பொதிகள் வாங்குவாரின்றித் தேங்கின. அட்டையைத் தரம் பிரிக்கவும் நனையாமல் காக்கவும் வழி செய்த பிறகே எந்திரத்தின் அளவை முடிவு செய்வது நல்லது.