பார்க்கின்சன் நோயாளிக்கு வரும் களைப்பு சோம்பல் அல்ல

பார்க்கின்சன் என்றதும் நமக்குக் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கடும் களைப்பும் வாட்டுகிறது. சிலருக்கு நடுக்கத்துக்கு முன்பே அது தொடங்கிவிடும். இரவு நன்றாகத் தூங்கினாலும் தீராது. வீட்டிலோ ‘வயசாச்சு’, ‘சோம்பேறித்தனம்’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சுதான் அவர்களை அதிகம் நோகடிக்கிறது.

லெவோடோப்பா மாத்திரையின் வேகம் இறங்கும்போது களைப்பு கூடுகிறதா? மணி பார்த்து எழுதி வையுங்கள். பினாங்கு மருத்துவமனை நரம்பியல் கிளினிக்கிற்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் காரணமாகலாம், பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. குளியல், சவுரஸ்தா மார்க்கெட் போவது போன்றவற்றை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.