பதினெட்டுக்குக் கீழே: டிப்ளமசி போட்டிகளில் மதிப்பெண் முறையின் வரலாறு

டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தை வெல்ல 18 மையங்கள் வேண்டும். 1901-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் வரைபடம்தான் பலகை. அதில் படைகளைத் தாங்கும் மையங்கள் மொத்தம் 34; ஒரு மையத்துக்கு ஒரு படை. பாதிக்கு மேல் ஒரே பேரரசின் கைக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. யாரும் அந்த எண்ணை எட்டாத நிலையில் எஞ்சியிருப்பவர்கள் எல்லோரும் போதும் என்று ஒப்புக்கொண்டால் சமன். பலகையில் படை வைத்திருக்கும் அனைவருக்கும் அதில் சம பங்கு. 17 மையங்களை ஆள்பவருக்கும், ஒரு மூலையில் ஒற்றை மையத்தில் ஒண்டிக்கொண்டிருப்பவருக்கும் விதிநூல் எந்த வேறுபாடும் காட்டுவதில்லை.

வீட்டுக் கூடத்தில் ஏழு நண்பர்கள் உட்கார்ந்து விளையாடும்போது இந்த விதி போதும். பத்துப் பலகைகளில் எழுபது பேரை மோதவிட்டு, மூன்றாம் நாள் மாலையில் ஒருவரிடம் கோப்பையைக் கொடுக்க வேண்டுமென்றால் போதாது. பெரும்பாலான பலகைகளில் 18-ஐ யாரும் தொடமாட்டார்கள். ஆகவே போட்டி நடத்துபவர் விதிநூல் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வெற்றிக்குக் குறைவான நிலைகளுக்கு என்ன விலை? டிப்ளமசி போட்டிகளின் வரலாற்றைச் சாம்பியன்களின் பட்டியலாக எழுதுவதே வழக்கம். இக்கேள்விக்கு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் தரப்பட்ட விடைகளின் வரலாறாக அதைப் படிப்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த விடைகள் ஆட்டத்தை அளந்ததோடு நிற்கவில்லை. ஆடுபவர்களின் நடத்தையையும் மாற்றின.

ஆட்டத்தை வடிவமைத்தவர் ஆலன் கால்ஹேமர். 1931-இல் பிறந்த அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். முதல் உலகப் போரின் மூலகாரணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சிட்னி ஃபேயின் எழுத்து அவரை ஆழமாகப் பாதித்தது. 1954-இல் ஆட்டம் உருப்பெற்றது. பதிப்பிக்க எந்த நிறுவனமும் முன்வராததால், 1959-இல் சொந்தச் செலவில் 500 பிரதிகள் போட்டார். 1961-இல் கேம்ஸ் ரிசர்ச் என்ற நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1976-இல் அவலான் ஹில், பிறகு ஹாஸ்ப்ரோ என்று உரிமை கைமாறியது.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. ஆஸ்திரியா-ஹங்கேரி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா, துருக்கி என ஏழு அரசுகள். ரஷ்யாவுக்கு நான்கு படைகள், மற்றவர்களுக்கு மும்மூன்று. பகடை இல்லை, சீட்டு இல்லை. எல்லாப் படைகளும் சமவலிமை கொண்டவை. ஒரு படை தனியாக இன்னொன்றை அப்புறப்படுத்த முடியாது, துணைக்கு வேறொன்று வேண்டும். மும்மூன்று படைகளை வைத்துக்கொண்டு அண்டை நாட்டான் தயவில்லாமல் யாரும் வெகுதூரம் போக முடியாது. அதனால் ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் பேச்சுவார்த்தை. ஆடுபவர்கள் இரண்டிரண்டு பேராக எழுந்து போய் மூலையில் நின்று முணுமுணுப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் கட்டளைகளை ரகசியமாகத் தாளில் எழுதுவார்கள். எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். சொன்ன சொல்லுக்கு எந்த விதியும் காவல் இல்லை. கூட்டாளியின் மையத்துக்குள் திடீரென்று படை நுழைவதை ஆட்டக்காரர்கள் 'குத்து' என்றே சொல்கிறார்கள். எங்கே குத்துவது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் பெயரை 'ராஜதந்திரம்' என்று பெயர்த்தால் மூலத்தைவிடவும் பொருந்தும். தந்திரம் அந்தச் சொல்லுக்குள் ஒளிவுமறைவின்றி உட்கார்ந்திருக்கிறது.

போட்டி மனப்பான்மை முதலில் வளர்ந்தது மேசையில் அல்ல, அஞ்சலில். ஏழு பேரை ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்ப்பது கடினம் என்பதால், புரூக்ளினைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜான் போர்டுமன் 1963-இல் 'கிராஸ்டார்க்' என்ற சிற்றிதழைத் தொடங்கி, அதன் வழியாக ஆட்டம் நடத்தினார். கடிதத்தில் பேரம், கட்டளைகள் ஆசிரியருக்கு, முடிவுகள் அடுத்த இதழில். ஓர் ஆட்டம் முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இதைப் பார்த்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏராளமான சிற்றிதழ்கள் முளைத்தன. நம்மூர்ச் சிற்றிதழ்களைப் போலவே சில நூறு வாசகர்கள், ஓயாத சண்டைகள், அற்பாயுசு. ஒவ்வொரு அஞ்சல் ஆட்டத்துக்கும் 'போர்டுமன் எண்' என்று ஓர் அடையாள எண் வழங்கும் வழக்கம் வந்தது. பிற்காலத்தில் கால்ஹேமரும் ஊரில் தபால்காரராகவே வேலை பார்த்தார் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எண் வந்தால் பதிவேடு வரும். பதிவேடு வந்தால் தரவரிசை வரும். அஞ்சல்காலத் தரவரிசைகளில் அடிப்படையானது 'கால்ஹேமர் புள்ளி'. ஓர் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. தனித்து வென்றவருக்கு முழுப் புள்ளி. சமனானால் பங்காளிகள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூவர் சமனென்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. விதிநூலின் உணர்வைக் கணக்காக மொழிபெயர்த்த முறை இது. அஞ்சலில் இது சிக்கலின்றி ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு: அங்கே நேரம் ஒரு பொருட்டல்ல. 18 வரும்வரை, அல்லது எல்லோரும் சலித்துப் போகும்வரை ஆடலாம்.

நேருக்கு நேர் சந்தித்தபோதுதான் கடிகாரம் குறுக்கே வந்தது. அஞ்சல் ஆட்டக்காரர்களின் முதல் கூடுகை 1966-இல் ஓஹியோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் நடந்தது. 'டிப்கான்' என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது. 1988-இல் பிரிட்டன் ஆட்டக்காரர் ரிச்சர்டு வாக்கர்டைனின் முயற்சியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் முதல் உலக டிப்ளமசி மாநாடு கூடியது. பட்டத்தை ஃபில் டே எடுத்துச் சென்றார். 1990-இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில், 1992-இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பரா என்று முதலில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்தது; 1990-களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் கண்டம் மாறி நடக்கத் தொடங்கியது.

இந்தப் பயணத்தில்தான் மதிப்பெண் முறைகள் ஒன்றோடொன்று மோதின. அமெரிக்கர்களில் பலர் சம பங்கு மரபில் ஊறியவர்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர்களோ 'சி-டிப்ளோ' என்ற முறையில் பழகியவர்கள். அதன்படி ஒரு பலகைக்கு 100 புள்ளிகள்: ஆட வந்ததற்கு ஆளுக்கு 1, வைத்திருக்கும் மையத்துக்கு 1 வீதம், இவற்றோடு முதலிடத்துக்கு 38, இரண்டாமிடத்துக்கு 14, மூன்றாமிடத்துக்கு 7. மூன்றாவது வழி 'வர்க்கங்களின் கூட்டுத்தொகை': ஒவ்வொருவரின் மைய எண்ணிக்கையையும் வர்க்கமாக்கி, மொத்தத்தில் அவரவர் விகிதத்தைப் புள்ளியாகத் தருவது.

கற்பனையாக ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். நேரம் முடியும்போது துருக்கி 12, ரஷ்யா 11, பிரான்ஸ் 7, இங்கிலாந்து 4. மற்ற மூவரும் அழிந்துவிட்டார்கள். சம பங்கு முறையில் நால்வருக்கும் 25. சி-டிப்ளோவில் துருக்கிக்கு 51, ரஷ்யாவுக்கு 26, பிரான்ஸுக்கு 15, இங்கிலாந்துக்கு 5, அழிந்தவர்களுக்கு ஒவ்வொன்று. வர்க்க முறையில் துருக்கிக்கு ஏறத்தாழ 43.6, ரஷ்யாவுக்கு 36.7, பிரான்ஸுக்கு 14.8, இங்கிலாந்துக்கு 4.8.

ஆட்டத்தில் ஒவ்வோர் ஆண்டின் கணக்கும் இலையுதிர்கால நகர்வோடு முடியும். இப்போது கடைசி இலையுதிர்காலத்துக்கு முந்தைய கணத்தில் ரஷ்யாவின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டம் முழுக்கத் துருக்கியோடு நட்பு. துருக்கியின் ஒரு மையம் காவலின்றிக் கிடக்கிறது. அதை எடுத்தால் 12-ம் 11-ம் இடம் மாறும். சம பங்கு முறையில் அந்தக் குத்தின் மதிப்பு பூஜ்யம். ரஷ்யா நல்லவனாகவே இருந்துவிடுவான். வர்க்க முறையில் 7 புள்ளி லாபம், யோசிப்பான். சி-டிப்ளோவில் 25 புள்ளி, யோசிக்கவே மாட்டான். ஆள் ஒருவன், பலகை ஒன்று, நட்பும் ஒன்றுதான். ரஷ்யாவின் குணத்தைத் தீர்மானிப்பது சுவரில் ஒட்டியிருக்கும் மதிப்பெண் அட்டவணை.

சிறிய அரசின் கதை இதற்கு நேர்மாறானது. சம பங்கில் நான்கு மைய இங்கிலாந்துக்கும் 25 கிடைப்பதால், மற்ற மூவருக்கும் அவன் ஒரு கூடுதல் வாய். அவனை ஒழித்தால் ஆளுக்கு 33 சொச்சம். ஆகவே பெரியவர்கள் சேர்ந்து சிறியவனை வேட்டையாடுவது அங்கே வழக்கமான இறுதிக்காட்சி. மையத்தை எண்ணும் முறைகளில் அவனை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவன் தன் நான்கு படைகளின் ஆதரவை யாருக்கு விற்கிறானோ அவர் முதலிடம் பிடிப்பார். எந்த முறை கருணையுள்ளது என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். சம பங்கு முறையை 'தூய்மையானது' என்று போற்றுபவர்கள் இந்த வேட்டையைப் பற்றிப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள் என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும்.

இதோடு ஆண்டு வரம்பும் சேர்ந்தது. பல ஐரோப்பியப் போட்டிகள் 1907-ஆம் ஆண்டின் நகர்வுகளோடு பலகையை மூடிவிடும். உண்மையான எந்த மன்னனுக்கும் தன் கடைசி இலையுதிர்காலம் எது என்று முன்கூட்டித் தெரியாது. போட்டி ஆட்டக்காரனுக்குத் தெரியும். அந்த அறிவே கடைசிச் சுற்றுக் குத்துக்கு அழைப்பிதழ். அதைக் கட்டுப்படுத்தியது எதிர்பாராத ஒன்று: நினைவு. கூடத்து ஆட்டத்தில் குத்தியவர் வீட்டுக்குப் போய்விடலாம். போட்டியில் சனிக்கிழமை காலை குத்தியவர், மாலையில் அதே ஆளோடு வேறொரு பலகையில் உட்கார நேரிடும். அடுத்த ஆண்டு வேறொரு நாட்டிலும் சந்திப்பார். முந்தைய பலகையின் கடனை அடுத்ததில் தீர்ப்பதை நடுவர்கள் கண்டிப்பார்கள். ஆனால் ஒருவரை நம்பலாமா என்ற மதிப்பீட்டை யாரும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ கோஃப் 2009, 2011, 2018 என மூன்று முறை உலகப் பட்டம் வென்றிருக்கிறார். எல்லோரும் தன்னைப் பயந்து பார்க்கும் மேசையில் மறுபடியும் வெல்வது எவ்வளவு கடினம் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். 2014-இல் ஒலிபரப்பான ஓர் அமெரிக்க வானொலி நிகழ்ச்சிக்காக, மத்தியகிழக்குச் சமாதானப் பேச்சுகளில் பங்கேற்ற தூதர் டென்னிஸ் ராஸ் இந்த ஆட்டத்தில் ஒருவருக்குப் பக்கத்திலிருந்து ஆலோசனை சொன்னார். தொழில்முறைத் தூதரின் அறிவுரைகள் ஆட்டத்துக்கு வியப்பூட்டும் அளவு பொருந்தின. குறிப்பாக, பேசுவதைவிடக் கேட்பதில் கவனம் வைக்கச் சொன்னது.

இணையம் வந்ததும் அஞ்சல் மறைந்தது. 1988 முதலே மின்னஞ்சலில் கட்டளை வாங்கித் தீர்ப்புச் சொல்லும் நிரல் இயங்கியது. 2000-களில் வெப்டிப்ளமசி போன்ற தளங்கள் வந்தன. மதிப்பெண் வாதங்கள் அப்படியே அங்கும் குடிபெயர்ந்தன. ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்கும்போதே எந்த முறையில் கணக்கு என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதினார்கள். கோஃபும் அந்த ஆய்வில் பங்கேற்றவர். சிசரோ வெப்டிப்ளமசியில் 40 ஆட்டங்களை 82 மனிதர்களோடு ஆடி, சராசரியாக 25.8 விழுக்காடு புள்ளி எடுத்தது. எதிராளிகளின் சராசரி 12.4. உலகெங்கும் செய்தித்தாள்கள் இந்த எண்ணைக் கொண்டாடின. அது எதன் விழுக்காடு என்று கேட்டவர்கள் குறைவு. 18 மையங்களைப் பிடித்த வெற்றிகளின் விகிதம் அல்ல அது. வர்க்கங்களின் கூட்டுத்தொகையில் கிடைத்த பங்கு. அந்த ஆட்டங்களுக்கும் ஆண்டு வரம்பு இருந்தது. ஒரு கூடுதல் மையத்துக்குச் சில புள்ளிகள் என்ற விலையில் எப்போது நட்பைக் காப்பது, எப்போது முறிப்பது என்பதைத்தான் அந்த இயந்திரம் கற்றிருந்தது. யங்ஸ்டவுனில் கூடிய அஞ்சல் ஆட்டக்காரர்களின் சம பங்குக் கணக்கில் அதே 40 ஆட்டங்களுக்கும் புள்ளி போட்டிருந்தால், சிசரோவுக்கு முதலில் வேறொரு குணத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.