அமெரிக்காவில் இளநிலைப் படிப்பு: 12 கிரெடிட் விதி சொல்வது என்ன?

புது தில்லி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் பயிலும் வெளிநாட்டு மாணவர் ஒரு பருவத்தில் எத்தனை பாடங்களுக்குப் பதிவு செய்கிறார் என்பது கல்வி சார்ந்த முடிவு மட்டுமன்று. அந்நாட்டில் அவர் சட்டபூர்வமாகத் தங்கியிருப்பதற்கான தகுதியையும் அதுவே தீர்மானிக்கிறது. முன் அனுமதியின்றி ஒரே ஒரு பாடத்தைக் கைவிட்டு, 12 கிரெடிட் என்ற வரம்புக்குக் கீழே சென்றாலும் மாணவர் தகுதியை இழக்க நேரிடும்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்ததாக அந்நாட்டின் 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கை தெரிவிக்கிறது. இவர்களில் 36,053 பேர் இளநிலை மாணவர்கள். படிப்பைப் பாதியில் விட்டாலோ, வகுப்புகளுக்குச் செல்லாமல் இருந்தாலோ, கல்வி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விலகினாலோ விசா ரத்து செய்யப்படலாம் என இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 மே மாதம் எச்சரித்திருந்தது. இந்தப் பின்னணியில், முழுநேர மாணவர் என்ற தகுதி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை விளக்கும் தொகுப்பு இது.

கிரெடிட் என்றால் என்ன?

ஒரு பாடத்துக்கான உழைப்பை அளக்கும் அலகே கிரெடிட். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி, சுமார் 15 வாரங்கள் கொண்ட ஒரு செமஸ்டரில், வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பும் சேர்ந்தது ஒரு கிரெடிட் ஆகும். பெரும்பாலான பாடங்கள் மூன்று கிரெடிட் மதிப்புடையவை. அதன்படி, 12 கிரெடிட்டுக்குப் பதிவு செய்யும் மாணவர் நான்கு பாடங்களைப் பயில்கிறார். வகுப்பும் தனிப்படிப்பும் சேர்த்து வாரத்துக்கு சுமார் 36 மணி நேரம் அவர் செலவிட வேண்டியிருக்கும்.

முழுநேர மாணவர் யார்?

செமஸ்டர் முறையைப் பின்பற்றும் கல்லூரிகளில், ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் பயிலும் இளநிலை மாணவரே முழுநேர மாணவராகக் கருதப்படுகிறார். அந்நாட்டு மாணவர்களுக்கான அரசு நிதியுதவியிலும் இதே அளவுகோல் உள்ளது. உள்நாட்டு மாணவர் ஒருவர் 6 கிரெடிட் மட்டும் எடுத்து அரைநேர மாணவராகப் பயில இயலும். ஆனால் எஃப்-1 விசாவில் பயிலும் வெளிநாட்டு மாணவருக்கு அந்த உரிமை பொதுவாக இல்லை. செமஸ்டர், டிரைமெஸ்டர், குவார்ட்டர் ஆகிய மூன்று முறைகளிலும் அவர் ஒவ்வொரு பருவத்திலும் 12 கிரெடிட்டை நிறைவு செய்தாக வேண்டும்.

கிரெடிட் பெறாமல் பார்வையாளராக மட்டும் அமரும் வகுப்புகள் இக்கணக்கில் சேர்வதில்லை. இணையவழிப் பாடங்களுக்கும் வரம்பு உண்டு. ஒரு பருவத்தில் ஒரு பாடம், அதாவது அதிகபட்சம் மூன்று கிரெடிட் மட்டுமே, முழுநேரக் கணக்கில் ஏற்கப்படும். எனவே, 12 கிரெடிட் பதிவு செய்த மாணவர் குறைந்தது 9 கிரெடிட்டை நேரடி வகுப்புகளில் பயில வேண்டும். அதற்கு மேலும் இணையவழிப் பாடங்களை எடுக்கத் தடையில்லை. ஆனால் அவை அந்த 12-இல் சேராது.

12 போதுமா?

விசா தகுதிக்கு 12 கிரெடிட் போதும். நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற அது போதாது. அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் தேவை. எட்டு செமஸ்டர்களில் தலா 12 மட்டும் பயின்றால் 96 கிரெடிட்டே சேரும். எஞ்சிய 24-ஐப் பெற மேலும் ஓராண்டு தேவைப்படும். அந்த ஓராண்டுக்கான கல்விக் கட்டணமும் தங்கும் செலவும் குடும்பத்தின் மீது விழும். நான்கு ஆண்டுகளில் முடிக்க, செமஸ்டருக்குச் சராசரியாக 15 கிரெடிட் பயில வேண்டும்.

பல பல்கலைக்கழகங்கள் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம் வசூலிக்கின்றன. அத்தகைய இடங்களில் ஐந்தாவது பாடத்துக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. மேலும், 15 கிரெடிட் பதிவு செய்தவர் ஒரு பாடத்தைக் கைவிட நேர்ந்தாலும் 12-க்குக் கீழே செல்வதில்லை. சரியாக 12 மட்டும் பதிவு செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பாடச்சுமையைக் குறைக்க அனுமதி

குறிப்பிட்ட சூழ்நிலைகளில் 12-க்கும் குறைவாகப் பயில விதிகள் இடமளிக்கின்றன. இதற்கான அனுமதியை வழங்குபவர், கல்வி நிறுவனத்தில் வெளிநாட்டு மாணவர் விவகாரங்களைக் கவனிக்கும் 'டிஎஸ்ஓ' எனப்படும் அதிகாரி. பாடத்தைக் கைவிடுவதற்கு முன்பே அவரது அனுமதி பெறப்பட்டு, 'செவிஸ்' எனப்படும் அரசுத் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பாட ஆசிரியரோ துறைத் தலைவரோ அளிக்கும் ஒப்புதல் இதற்கு ஈடாகாது.

முதலாவது, கல்வி சார்ந்த இடர்ப்பாடு. தொடக்க காலத்தில் ஆங்கிலத்திலோ, படிக்க வேண்டிய பாடநூல்களின் அளவிலோ ஏற்படும் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாமை, தகுதிக்குப் பொருந்தாத நிலைப் பாடத்தில் சேர்க்கப்பட்டமை ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் பயில வேண்டும். கோடைக்காலம் நீங்கலாக, அடுத்த பருவத்தில் முழுநேரப் படிப்புக்குத் திரும்ப வேண்டும். ஒரு பட்டநிலைக்கு ஒரு முறை மட்டுமே இச்சலுகை கிடைக்கும்.

இரண்டாவது, உடல்நலக் குறைவு. உரிய மருத்துவச் சான்றின் அடிப்படையில், தேவைப்பட்டால் எந்தப் பாடமும் பயிலாமல் இருக்கவும் அனுமதி பெறலாம். ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே ஒப்புதல் பெற வேண்டும். ஒரு பட்டநிலைக்கு மொத்தம் 12 மாதங்களே உச்ச வரம்பு.

மூன்றாவது, இறுதிப் பருவம். பட்டத்தை நிறைவு செய்ய எஞ்சியுள்ள பாடங்கள் 12 கிரெடிட்டுக்குக் குறைவாக இருந்தால், அவற்றை மட்டும் பயிலலாம். ஒரே ஒரு பாடம் எஞ்சியிருந்தால் அதனை இணையவழியில் பயில இயலாது.

தோல்வியும் விலகலும் ஒன்றல்ல

மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுவே. குறைந்த மதிப்பெண் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பருவத்தின் நடுவே ஒரு பாடத்திலிருந்து விலகுவது உள்நாட்டு மாணவர்களிடையே வழக்கமான உத்தி. பருவம் முழுவதும் வகுப்புக்குச் சென்று ஒரு பாடத்தில் தோல்வியடைவது சராசரி மதிப்பெண்ணைப் பாதிக்கும். ஆனால் அது மட்டுமே முழுநேரப் படிப்பு விதியை மீறியதாகாது. முன் அனுமதியின்றி விலகி 12-க்குக் கீழே செல்வதுதான் விதிமீறல். மதிப்பெண் குறையும் என்ற அச்சம், ஏற்கப்படும் காரணங்களின் பட்டியலில் இல்லை.

தகுதி இழந்தால்

அனுமதியின்றிப் பாடச்சுமை குறைந்தால், அதனை 21 நாட்களுக்குள் செவிஸ் தரவுத்தளத்தில் தெரிவிக்கக் கல்வி நிறுவனம் கடமைப்பட்டுள்ளது. மாணவர் பதிவு முடிவுக்கு வந்தால் வளாகப் பணி உள்ளிட்ட உரிமைகளும் நீங்கும். அனுமதியுடன் படிப்பிலிருந்து விலகுவோருக்கு நாட்டைவிட்டு வெளியேற 15 நாள் அவகாசம் உண்டு. விதிமீறலால் தகுதி இழந்தோருக்கு எந்த அவகாசமும் இல்லை.

தகுதியை மீட்டெடுக்க, குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைகள் துறையிடம் விண்ணப்பிக்கலாம். பொதுவாகத் தகுதி இழந்த ஐந்து மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாணவரின் கட்டுப்பாட்டை மீறிய சூழலால் விதிமீறல் நேர்ந்தது என்பதையோ, உரிய நேரத்தில் கேட்டிருந்தால் டிஎஸ்ஓ வழங்கியிருக்கக்கூடிய அனுமதிதான் அது என்பதையும், மீட்டளிக்காவிட்டால் கடும் இன்னல் நேரும் என்பதையுமோ நிறுவ வேண்டும். அனுமதியற்ற பணியில் ஈடுபட்டிருக்கக் கூடாது.

விடுமுறையும் பணியும்

கோடைக்காலம் ஆண்டு விடுமுறையாக அமையும்போது, அடுத்த பருவத்தில் பதிவு செய்யும் நோக்கமுள்ள மாணவர் அப்போது பாடம் எதையும் பயில வேண்டிய கட்டாயமில்லை. வகுப்புகள் நடைபெறும் காலத்தில் வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரையும், விடுமுறையில் முழுநேரமும் பணியாற்றலாம். படிப்புக்குப் பிந்தைய பயிற்சிப் பணிக்கான 'ஓபிடி' அனுமதிக்கும் ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் பயின்றிருத்தல் அவசியம் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய நடைமுறை

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டும், நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட்டும் தேவை. செமஸ்டருக்குச் சராசரி 20 கிரெடிட் ஆகிறது. எனினும், பெரும்பாலான இந்தியக் கல்லூரிகளில் கால அட்டவணையை நிர்வாகமே வகுக்கிறது. மாணவர் தனது பாடச்சுமையைத் தானே கணக்கிட வேண்டிய தேவை குறைவு. அமெரிக்காவில் பாடத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் மாணவரின் கையில் உள்ளது. கணினியில் ஒரு பாடத்தை நீக்கும் பொத்தான், விசா விதியை நினைவூட்டும் என்ற உத்தரவாதம் இல்லை.

எனவே, எந்தப் பாடத்தையும் நீக்கும் முன், மீதமுள்ள நேரடி வகுப்புகள் எத்தனை கிரெடிட், இணையவழிப் பாடங்கள் எத்தனை கிரெடிட் எனக் கணக்கிட்டுப் பார்ப்பதும், 12-க்குக் குறையும் நிலை இருந்தால் முதலில் டிஎஸ்ஓவை அணுகி எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவதும், உரிய மாற்றம் செவிஸ் பதிவில் இடம்பெற்றதை உறுதி செய்துகொள்வதும் அவசியமாகும்.