பொதியிலும் பொதிகையும்

கல்லிடைக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர். தாமிரபரணியை நமக்கு அனுப்பிவைக்கும் அந்தப் பொதிகையின் பெயரைத்தான் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை பல்லாண்டு தாங்கி நின்றது. 2024 ஜனவரியில் அது ‘டிடி தமிழ்’ ஆயிற்று. எனக்கு அதில் வருத்தம். ஊர்ப்பாசம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொருளே முதற்காரணம்.

புறநானூற்றின் 2ஆம் பாட்டு இமயத்தோடு சேர்த்து ‘பொதியம்’ என்கிறது. ‘பொதியில்’ என்பதும் பழைய வடிவமே. ‘பொதிகை’ பிற்கால வழக்கு. தாலமி ‘பெட்டிகோ’ என்று குறித்த மலை இதுதான் என்றார் கால்டுவெல். ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகா ‘போதி + இல்’ என்று பிரித்து, பௌத்தர்களின் போதலக மலையை இங்கே கண்டார். மலைப்பெயராக மட்டும் பார்த்தால் கதை இதோடு முடிந்துவிடும். ஆனால் சங்கத் தமிழில் பொதியில் என்றால் ஊர் மன்றம், அம்பலம் என்றும் பொருள். பொது + இல். அந்தியில் விளக்கேற்றி, பலரும் வந்து தொழுது, புதிதாய் வந்தவரும் தங்கிப்போகும் பொதியிலைப் பட்டினப்பாலை காட்டுகிறது.

இந்தப் பக்கத்தில் டி.வி. முதலில் வந்து உட்கார்ந்தது அப்படியொரு இடத்தில்தான். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொடங்கிய ஒளிபரப்பு நமக்கு எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், நெல்லைச் சீமையில் வசதி உள்ளவர்கள் மாடியில் நெடுங்குழாய் நட்டு ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினார்கள். பிறகு கொடைக்கானல் கோபுரம் வந்தது; ஆன்டெனா வடக்கே திரும்பியது. மாடியில் ஒருவன் குழாயைத் திருக, “இன்னும் கொஞ்சம் திருப்புலே… புள்ளி புள்ளியா வருது… ஆங், அப்படியே விடு” என்று கீழிருந்து குரல் போகும். பெட்டி ஒரு வீட்டில், பார்ப்பவர் தெரு முழுக்க. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். 1987இல் தொடங்கி ஞாயிறு காலைகளில் இராமாயணம். இந்தி தெரியாதவர்களும் கதை தெரிந்ததால் வாசல்வரை நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டி.வி. இல்லாத தெருக்காரர்களுக்குப் பஞ்சாயத்து டி.வி. அறை. அந்தியில் திறக்கும், வழியே போகிறவரும் நின்று பார்க்கலாம். பட்டினப்பாலையின் பொதியிலுக்கு இதைவிட நெருங்கிய உறவு நம் காலத்தில் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1993இல் சன் டி.வி. வந்தது, கேபிள் தெருத்தெருவாக ஓடியது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் மிச்சமிருந்த வீடுகளுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. வாங்க முடியாத வீட்டுக் குழந்தைகள் அடுத்தவர் ஜன்னலில் தொங்கிய நிலை மாறியது, அது நல்லதே. கூடவே பார்க்கும் விதமும் மாறியது. அப்பளம் இடும் கல்லிடைக்குறிச்சிப் பெண்கள் சீரியலைப் பெரும்பாலும் காதால் பார்க்கிறார்கள். கண் பலகையில், கை மாவு உருண்டையில். யாருக்கு என்ன வந்தது என்பதைப் பின்னணி இசையே சொல்லிவிடுகிறது. நிமிர்ந்து பார்ப்பது ஓரிரு தரம். அடுத்த தலைமுறையோ அதே கூடத்தில் ஆளுக்கொரு செல்போனோடு.

அலைவரிசைக்குப் பொதிகை என்று பெயர் விழுந்ததே கேபிள் வந்து கூட்டம் கலைந்த பிறகுதான். வைத்தவர்கள் மனத்தில் அகத்தியரும் தமிழும் இருந்திருக்கலாம். ஆனாலும் எல்லோரும் கூடிப் பார்த்த ஓர் அலைவரிசைக்கு, எல்லோரும் கூடும் இடத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ‘தமிழ்’ என்பது எந்த மொழி என்று மட்டும் சொல்கிறது. பொதிகையையும் சேர்த்தே வைத்திருக்கலாம். சென்னை–செங்கோட்டை ரயிலில் அந்தப் பெயர் இன்னும் ஓடுகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களும் ரிமோட்டை நீட்டி, “பொதிகையப் போடு” என்றுதான் சொல்கிறார்கள்.