வேலூர்க் கோட்டைத் தேவாலயமும் 1806ஆம் ஆண்டுப் புரட்சியும்

தங்கவயல் தமிழர்க்கு வேலூர் அயலூர் அன்று. நம் பாட்டன்மாருள் பலர் வட ஆற்காட்டுச் சிற்றூர்களினின்று பிழைப்பு நாடி இச்சுரங்க மண்ணிற்கு வந்தவர்களே. மாரிகுப்பத்தில் வண்டியேறி, பங்காருப்பேட்டையிலும் சோலையார்பேட்டையிலும் மாறி, காட்பாடியில் இறங்கும் வழி நம் இல்லந்தோறும் அறிந்த வழி. மணத்திற்கும் மருத்துவத்திற்குமாக எத்தனையோ முறை சென்ற அவ்வூர்க்கு, இம்முறை யாம் வரலாறு ஒன்றனைக் காணவே சென்றோம்.

16ஆம் நூற்றாண்டில், விசயநகரப் பேரரசின் காலத்தில் எழுந்த கருங்கற்கோட்டை அது. 133 ஏக்கர் பரப்பும், சூழ்ந்த ஆழகழியும் உடையது. அதன் மதிலுக்குள் சலகண்டேசுவரர் கோயில், பள்ளிவாசல், தூய யோவான் தேவாலயம் ஆகிய மூன்றும் நிற்கின்றன. தேவாலயம், கும்பினிப் படையினர் வழிபடுதற்கென 1846ஆம் ஆண்டில் சென்னை அரசினரால் கட்டப்பட்டது. அமைதி தவழும் அதன் முற்றத்தில் நின்றபோது, அது எழுவதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னர் அதே மண்ணில் நிகழ்ந்தவை எம் நெஞ்சில் நிழலாடின.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், அவர்தம் மைந்தரும் குடும்பத்தாரும் இக்கோட்டையிலேயே காவலில் வைக்கப்பெற்றிருந்தனர். அந்நாளில் சென்னைப் படைத்தலைவராயிருந்தவர் சர் சான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். 1805ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் சிப்பாய்கட்குப் புதிய ஆணைகள் பிறந்தன. சீருடை அணிந்த வேளையில் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது, காதணி கூடாது, தாடி மழித்தல் வேண்டும், தோற்குஞ்சம் பொருந்திய, தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையை அணிதல் வேண்டும் என்பன அவை. இந்துவும் முசுலீமும் ஒருங்கே மனம் புண்பட்டனர். ‘இன்று தொப்பி, நாளை மதமாற்றம்’ என்ற அச்சம் படைவீடெங்கும் பரவிற்று. மே மாதத்தில் தலைப்பாகையை மறுத்தோருள் இருவர் கசையடி பெற்றனர்.

1806 சூலை 10ஆம் நாள், பொழுது புலருமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,500 பேர். வெள்ளையர் 370 பேர் அளவினர். கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் மாண்டார். வெள்ளையருள் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். திப்புவின் புலிக்கொடி மதில்மேல் ஏறிற்று. ஆயின், காலையிலேயே ஆற்காட்டினின்று குதிரைப்படையுடன் கில்லசுப்பி விரைந்து வந்தார். சில நாழிகையில் கோட்டை மீண்டும் கும்பினியார் கைப்பட்டது. சிப்பாய்களுள் 350 பேருக்குக் குறையாமல் மடிந்தனர். அகப்பட்டோர் பலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். பின்னர் விசாரணையும் மரணத்தண்டனைகளும் தொடர்ந்தன. தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெண்டிங்கும் கிரடாக்கும் மீட்டழைக்கப் பெற்றனர். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவிற்கு அனுப்பப்பெற்றனர். வட இந்தியாவில் 1857ஆம் ஆண்டு எழுந்த பெரும்புரட்சிக்கு இஃது அரைநூற்றாண்டு முந்தியது.

மதமாற்ற அச்சத்தால் குருதி சிந்திய கோட்டைக்குள்ளேயே பின்னர்த் தேவாலயம் எழுந்தது ஒரு விந்தையே. ஆயினும் அதனைக் காணும் எவர்க்கும் இன்று பகையுணர்ச்சி தோன்றுவதில்லை. அங்கே மக்கள் கூடித் தொழுகின்றனர். நெடுங்காலம் மூலவரின்றிக் கிடந்த சலகண்டேசுவரர் கோயிலிலும் 1981இல் இலிங்கம் நிறுவப்பெற்று வழிபாடு தழைத்தது. அன்று தீங்கு விளைத்தது எந்தச் சமயமும் அன்று. எளியோரின் மானத்தைக் கேளாது ஆணையிட்ட அதிகாரமே என்பது எம் துணிபு.

கோட்டையினின்று வெளிவந்து, அருகிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தையும் கண்டோம். 1806இல் மாண்ட வெள்ளையர் நினைவாகத் தாழ்ந்ததொரு கற்பேழை அங்கே உள்ளது. மறுபக்கத்தில் மடிந்த சிப்பாய்கட்கோ தனித்தனிக் கல் இல்லை. அவர்தம் படையணிகளின் எண்களைக்கூடக் கும்பினியார் பட்டியலினின்று நீக்கினர். நெடுங்காலம் கழித்தே வேலூர் நகரில் அவர்தம் நினைவாகத் தூண் ஒன்று எழுந்தது.

அக்கற்பேழையின் முன் நின்றபோது எம் எண்ணம் தங்கவயலுக்குத் திரும்பிற்று. 1930இல் கைரேகைப் பதிவை மறுத்து வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோரும் தம் மானத்திற்காகவே எழுந்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடிப்பில் உயிர் துறந்தோர் பெயர்களுள் எத்தனை நம் நினைவில் உள்ளன? 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஆதலின் அன்பர்களே, தத்தம் இல்லத்துப் பெரியோரிடம் கேட்டு, இறந்தோர் பெயரையும் ஊரையும் எழுதி வைமின். அடுத்த ஆண்டு மலரின் சில பக்கங்கள் அப்பெயர்களால் நிறையுமாயின், அதுவே அவர்கட்கு நாம் நாட்டும் நடுகல்லாகும்.