‘நடந்ததைச் சொல்லு’: ஒரு விசாரணை முறை பிறந்த கதை

1983-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில், மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிக்கு எதிராக ஒரு தாய் பாலியல் புகார் கொடுத்தார். அதையொட்டி நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விசாரிக்கப்பட்டார்கள். விசாரித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று கைப்பாவைகளும், உடலுறுப்புகள் தைத்த துணிப்பொம்மைகளும் வைத்திருந்தார்கள். ஆனால் பிள்ளை “இல்லை” என்றால், மற்ற பிள்ளைகள் எல்லாரும் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். “ஆமாம்” என்றால் கெட்டிக்காரப் பிள்ளை என்று பாராட்டினார்கள். வழக்கு 1990 வரை இழுத்தது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஒளிப்பதிவுகளைப் பார்த்த ஜூரிகளுக்கு, பிள்ளை தானாகச் சொன்னது எது, பெரியவர் சொல்ல வைத்தது எது என்று பிரிக்க முடியவில்லை. இப்படிக் கேட்டால் நிரபராதியும் மாட்டிக்கொள்வார். உண்மையிலேயே துன்பப்பட்ட பிள்ளையின் வார்த்தையும் எடுபடாது.

அந்த விசாரணை உத்திகளை டெக்சாஸின் எல் பாசோவில் ஆய்வாளர்கள் பின்னாளில் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் பாலர் வகுப்புக்கு வந்து கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாததையெல்லாம் செய்தாரா என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். தூண்டும் கேள்விகளை மட்டும் சந்தித்த பிள்ளைகள் அவற்றில் 17 சதவீதத்துக்கு “ஆமாம்” என்றார்கள். பாராட்டும் ‘மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்’ என்ற நெருக்கடியும் சேர்ந்தபோது அது 58 சதவீதமானது. 1998-இல் முடிவு வெளியானது. ஒவ்வொரு பிள்ளையிடமும் நடந்தது ஐந்து நிமிடம்கூட ஆகாத பேச்சுதான்.

சரி, எப்படித்தான் கேட்பது? அமெரிக்க அரசின் குழந்தை நல ஆய்வு நிறுவனமான என்.ஐ.சி.எச்.டி.யில் மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1990-களில் இதில் இறங்கினார்கள். “விவரிக்க விடுங்கள், பதிலை ஊட்டாதீர்கள்” என்ற அறிவுரை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததுதான். பயிற்சி வகுப்பில் தலையாட்டியவர்கள், பிள்ளை முன்னால் உட்கார்ந்ததும் “அவர் உன்னைத் தொட்டாரா?” என்றே ஆரம்பித்தார்கள். அதனால் லாம்ப் குழுவினர் அறிவுரையை விட்டுவிட்டு, கேட்க வேண்டிய வாக்கியங்களையே வரிசையாக எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

முதலில் ஒத்திகை. “என் நாய்க்கு என்ன பேர்?” நாயைப் பார்த்திராத பிள்ளை ஏதோ ஒரு பேரைச் சொல்லக்கூடும். “தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லலாம்” என்று அங்கேயே பழக்குவார்கள். அடுத்து, அண்மையில் நடந்த பிறந்தநாள் போன்ற ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்வார்கள். அதில் பிள்ளைக்கு விவரித்துச் சொல்லும் பழக்கம் வரும். கேட்பவருக்கும் அந்தப் பிள்ளை பேசும் விதம் பிடிபடும். அதற்குப் பிறகுதான் விஷயம்: “நீ இன்னைக்கு எதுக்காக இங்கே வந்திருக்கேன்னு சொல்லு.” பிள்ளை ஓர் அறையைச் சொன்னால், “அந்த அறையைப் பத்தி இன்னும் சொல்லு.” பிள்ளை எடுக்காத பேச்சைப் பெரியவர் முடிந்தவரை முந்திக்கொண்டு எடுப்பதில்லை.

சின்னஞ்சிறுசுகள் இப்படிச் சொல்லுமா என்ற சந்தேகம் இருந்தது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளின் விசாரணைகளை ஆராய்ந்தபோது, கிடைத்த விவரங்களில் ஏறத்தாழ பாதி இந்தத் திறந்த கேள்விகளுக்கே வந்திருந்தது. 1955 முதலே பிள்ளைகளை விசாரிக்கத் தனி விசாரணையாளர்களை வைத்திருந்த இஸ்ரேல், இம்முறையை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது.

ஒரு சிக்கல் மட்டும் விடவில்லை. விசாரணைப் பதிவுகளைப் பார்த்துத் திருத்தம் சொல்வது நின்றதும், தேர்ந்த விசாரணையாளர்களே பழைய கேள்விகளுக்குத் திரும்பிவிட்டார்கள். அதனால்தான் இந்த முறையைக் கற்றுக்கொடுப்பவர்கள், பயிற்சி முடிந்த பிறகும் விசாரணைகளை விடாமல் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும் என்கிறார்கள்.