262-க்கு 262

ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் அவரைவிட வேகமாகப் பந்தெறிந்தவரைக் கண்டதில்லை என்று எதிர்த்து ஆடியவர்கள் பலர் சொல்லிவந்தார்கள். 1939-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டனில் பிறந்தவர். இடக்கை ஆட்டக்காரர், கண்ணாடி போட்டவர், ஆறடிக்குச் சற்றே குறைந்த உயரம். 1957-இல் மேஜர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் 4,000 டாலர் கொடுத்து அவரை எடுத்து, டென்னசியின் கிங்ஸ்போர்ட் நகர மைனர் லீக் அணிக்கு அனுப்பியது.

கிரிக்கெட்டில் வைடு போட்டால் ஒரு ரன்னோடு போயிற்று. பேஸ்பாலில் ஒரே பேட்டருக்கு நான்கு பந்துகள் குறி தப்பினால் அவர் முதல் பேஸுக்கு நடந்தே போய்விடுவார். அதற்கு ‘வாக்’ என்று பெயர். எறிகிற தூரம் 60 அடி 6 அங்குலம், குறித்தட்டின் அகலம் வெறும் 17 அங்குலம். டால்கோவ்ஸ்கியின் வினையே இங்கேதான். கிங்ஸ்போர்ட்டில் 62 இன்னிங்ஸில் 121 பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். 129 பேரை நடக்கவிட்டார். ஓர் ஆட்டத்தில் 24 பேரை வீழ்த்தியும் 18 வாக் கொடுத்துத் தோற்றார். 1960-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அணியில் கணக்கு விசித்திரமாகச் சமன்பட்டது: 262 ஸ்டிரைக் அவுட், 262 வாக்.

வேகத்தை அளக்க 1958-இல் அபர்டீன் ராணுவச் சோதனைத் தளத்துக்கு அழைத்துப் போனார்கள். முந்தைய நாள்தான் ஓர் ஆட்டம் ஆடி முடித்திருந்தார், எறிமேடும் இல்லை, ராடார் பந்தைப் பிடிக்கும்வரை சுமார் 40 நிமிடம் எறிய வேண்டியிருந்தது. கிடைத்த அளவு மணிக்கு 93.5 மைல். களைத்த கையின் வேகம் அது. அவருடைய உண்மையான வேகமாக அதைக் கொள்ள முடியாது.

1962-இல் எல்மைரா அணியின் மேலாளர் ஏர்ல் வீவர் உத்திகளைச் சுருக்கினார்: வேகப்பந்து, ஸ்லைடர் இரண்டும் போதும். அந்தப் பருவத்தில் 160 இன்னிங்ஸில் 192 ஸ்டிரைக் அவுட். வாக் 114 ஆகக் குறைந்தது. அடுத்த மார்ச்சில் ஓரியோல்ஸ் அணியில் இடம் ஏறத்தாழ உறுதியாகியிருந்த வேளையில், யாங்கீஸுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் முழங்கை போயிற்று. பழைய வேகம் திரும்பவே இல்லை.

1965-உடன் ஆட்டம் முடிந்தது. பின்னர் கலிபோர்னியத் தோட்டங்களில் கூலி வேலை, கூடவே தீராத குடி. மைனர் லீகில் ஆடியிருந்த ரான் ஷெல்டன் 1988-இல் ‘புல் டர்ஹம்’ படத்தை எடுத்தபோது, அதில் வரும் கட்டுக்கடங்காத இளம் பிட்சருக்கு டால்கோவ்ஸ்கியின் கதைகளே தூண்டுதலாக இருந்தன. கடைசிக் காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பிய டால்கோவ்ஸ்கி, 2020 ஏப்ரலில் 80 வயதில் கொரோனா தொற்றால் அங்கேயே இறந்தார்.